கடைசி இருபது பேர்

திங்கட்கிழமை காலை. வாழ்த்து முடிந்தது, உறுதிமொழி முடிந்தது, இன்றைய சிந்தனையும் யாருக்கும் சேதமில்லாமல் முடிந்தது. பி.டி. மாஸ்டர் மைக்கை வாங்கிக் கடைசி இருபது பேரின் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். பக்கத்து ஆயில் மில்லிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பிண்ணாக்கு வாசனை வந்துகொண்டிருந்தது.

"பதினெட்டு, தினேஷ், பன்னெண்டு சி. பத்தொம்போது, மணிகண்டன், பன்னெண்டு சி." தாளைத் திருப்பினார். "இருவது, பவித்ரா, பன்னெண்டு ஏ."

மாஸ்டர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், இன்னொரு தரம் தனக்காகப் படித்துக்கொண்டார். அதுவும் மைக்கில் கேட்டது.

பவித்ரா எங்கள் பள்ளியின் முதல் மாணவி. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அந்த இடத்தை விட்டு அவள் இறங்கியதில்லை. பள்ளிப் பேருந்துகளின் முதுகில் அவள் படம் உண்டு. பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கக் கூச்சப்படும் அளவுக்குப் பெரிய படம். அப்படிப்பட்டவள் முதல் வரிசையிலிருந்து வெளியே வந்து, தலையைக் குனியாமல் நடந்து, மணிகண்டனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

இந்தத் தொடரில் இதுவரை என் மாமியார், ரயிலில் சீட்டுப் பிடிப்பவர்கள், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீ என்று மற்றவர்களைத்தான் வாரிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் என் முறை. அந்த இருபது பேரும் வந்து நின்றது என் அறை வாசலில். அந்தப் பள்ளியின் மனநல ஆலோசகர் நான்தான்.

டிபனுக்கும் டீக்கும் நடுவே

பள்ளியின் பெயர் வேண்டாம். திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய, விடுதியோடு கூடிய தனியார் பள்ளி. நான் அங்கே தாவரவியல் ஆசிரியை. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன்.

கொரோனா முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மாணவர்களுக்கு மன அழுத்தம் என்று எல்லாரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். பள்ளிக்கு ஒரு ஆலோசகர் கட்டாயம் வேண்டும் என்று எங்கள் முதல்வர் எங்கோ கேள்விப்பட்டு வந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்கதான் கரெக்ட். செடியோடயே இருக்கீங்க. பொறுமை ஜாஸ்தி."

விலங்கியல் ஆசிரியையின் பொறுமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு பீரியடு பாடம் குறையும் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி. திரையில் சூரியன் உதிக்கும் படம் காட்டினார்கள். மூச்சை இழுக்கச் சொன்னார்கள், விடச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலி கணக்கு டீச்சர் இழுத்த மூச்சை விடாமலேயே தூங்கிப்போனார். மதியம் சாம்பார் சாதம், ஒரு அப்பளம். காலை டிபன் சாப்பிடும்போது சாதாரண பாட்டனி டீச்சராக இருந்தவள், மாலை டீ குடிக்கும்போது பயிற்சி பெற்ற ஆலோசகர். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் மாட்டினேன்.

முட்டி போடுவதற்குப் பதில்

எங்கள் பள்ளியில் சனிக்கிழமை தேர்வு, திங்கட்கிழமை தீர்ப்பு. முதல் பத்துப் பேர் மேடைக்கு. கடைசி இருபது பேர் மைதானத்து ஓரத்துக்கு. முன்பெல்லாம் அங்கே அவர்கள் முட்டி போடுவார்கள். அடிக்கக் கூடாது, முட்டி போடவைக்கக் கூடாது என்றெல்லாம் கெடுபிடி வந்த பிறகு, கடைசி இருபது பேரை என்ன செய்வது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. முட்டிக்கு மாற்றாக என்னைப் போட்டார்கள்.

"கவுன்சிலிங் போறவங்க லைனா நில்லுங்க" என்று மைக்கில் அறிவிப்பார்கள். ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று பயிற்சியில் ஒரு வரி வந்தது. அந்த வரி வந்தபோதுதான் அப்பளமும் வந்தது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் அந்த வரிசைக்கு 'மென்டல் லைன்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

என் அறை, மாடிப்படிக்குக் கீழே விளையாட்டுச் சாமான் வைக்கும் இடம். கேரம் போர்டுகள், கிழிந்த வாலிபால் வலை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. நாற்பது நிமிஷத்தில் இருபது பேர். ஆளுக்கு இரண்டு நிமிஷம். நாலு மணிக்கு எழுந்திரு, போனைத் தொடாதே, அப்பா அம்மா கஷ்டத்தை நினைத்துப் பார். அடுத்த ஆள்.

ஒரு பதிவேடு கொடுத்திருந்தார்கள். பெயர், வகுப்பு, பிரச்சினை, வழங்கிய ஆலோசனை, கையெழுத்து. பிரச்சினை என்ற கட்டத்தில் நான் எப்போதும் 'கவனக்குறைவு' என்று எழுதுவேன். மணிகண்டன் ஒரு தடவை, "வூட்டுல அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிச்சிக்கினே இருக்காரு மிஸ். பொஸ்தகத்த தொறந்தா அதான் ஓடுது" என்றான். அதையும் 'கவனக்குறைவு' என்றுதான் எழுதினேன். கட்டம் சின்னது.

எலுமிச்சம்பழக் காலம்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் இதெல்லாம், நாங்கள் எப்படி இருந்தோம் தெரியுமா என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது பக்கத்துக் கட்டில் பெண் ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பாடும் இல்லை. காத்து கருப்பு என்றார்கள். வீட்டிலிருந்து வந்து அழைத்துப்போய் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். அடுத்த மாதம் கல்யாணம் செய்துவைத்தார்கள். அவளைப் பற்றி அதன்பிறகு நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

அப்போது எலுமிச்சம்பழம். இப்போது சூரியன் உதிக்கும் படம். எலுமிச்சம்பழத்தையாவது பிறகு சாறு பிழியலாம்.

நான் மட்டும் என்ன யோக்கியம். பள்ளியில் "மார்க் முக்கியம் இல்லப்பா, மனசுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போவேன். செருப்பைக் கழற்றும்போதே ஒன்பதாவது படிக்கும் என் பெண்ணிடம், "கணக்குப் பேப்பர் குடுத்தாங்களா?" என்பேன். அவள் ஒருநாள் கேட்டாள்: "அம்மா, ஒன் ஸ்கூல்ல வந்து லாஸ்ட்ல நின்னா எங்கூட ரெண்டு நிமிஷம் பேசுவியா?" வாய்த்துடுக்கு என்று திட்டிவிட்டு இட்லி மாவு எடுக்கப் போய்விட்டேன்.

மாணவி நலம்

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். பவித்ரா கடைசி ஆளாக உள்ளே வந்தாள். நான் சிரித்தேன்.

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு நடந்திருக்கு. நீ எதுக்கு இங்க வந்த? கிளாஸுக்குப் போ."

"தப்பில்ல மிஸ். நான்தான் எழுதல."

"உடம்பு சரியில்லையா? அத ஆபீஸ்ல முன்னாடியே சொல்லணும்மா."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது மிஸ்." நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். விரல் நகங்களையெல்லாம் சதை தெரியக் கடித்திருந்தாள். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேஜை டிராயரிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"உனக்கெல்லாம் என்ன குறை? அடுத்த வாரம் பர்ஸ்ட் வந்துடுவ. போ."

அவள் சாக்லேட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு, "சரிங்க மிஸ்" என்று போய்விட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பதிவேட்டில் இப்படி எழுதினேன்: 'மதிப்பெண் பதிவுப் பிழை. மாணவி நலம்.' கீழே என் கையெழுத்து, அழகான கையெழுத்து.

என் வாழ்க்கையில் பொய் பல எழுதியிருக்கிறேன். லீவ் லெட்டரில் மட்டும் மூன்று சித்தப்பாக்களைக் கொன்றிருக்கிறேன். ஆனால் இதுபோல் ஒன்றை எழுதியதில்லை.

பத்தொன்பது பெயர்

அடுத்த சனிக்கிழமையும் அவள் எழுதவில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் பெயரும் எண்ணும் மட்டும் எழுதி, அடியில் கோடு போட்டு, மீதியை வெள்ளையாகக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் முகம் கறுத்துப்போயிருந்தது. விழுப்புரத்துப் பள்ளி ஏதோ அவளை இழுக்கப் பார்க்கிறது என்றார். காதல் விவகாரம் என்றார் வேதியியல் ஆசிரியர். செய்வினை என்று ஒருவர் முணுமுணுத்தார், அவர் விஞ்ஞானத்தில் முதுகலை. பஸ்ஸில் இருக்கும் படத்தை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்கள். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆலோசகருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். திங்கட்கிழமை பட்டியலில் அவள் பெயரைப் படிக்கக் கூடாது. பள்ளி மானம் போய்விடும்.

பி.டி. மாஸ்டர் சொன்னபடியே பத்தொன்பது பெயரோடு நிறுத்தி மைக்கை அணைத்தார். பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். பத்தொன்பதாவது ஆள் நின்ற பிறகு, பவித்ரா முதல் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். யாரும் கூப்பிடாமல், மைதானத்தைக் குறுக்கே கடந்து, அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"ஏம்மா, ஒன் பேரு படிக்கலியே. போ, எடத்துக்குப் போ" என்றார் மாஸ்டர்.

அவள் நகரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

போன வாரம் அவள் சொன்ன 'நான்தான் எழுதல' அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. பத்தொன்பது பேரையும் வகுப்புக்கு அனுப்பினேன். அவர்களுக்கு அன்று திருவிழா. அவளை அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன்.

ரெண்டு வருஷமா டாக்டர்

"மொத பத்து பேருக்கு கவுன்சிலிங் கெடையாதே மிஸ்" என்றாள். "ஒங்க ரூமுக்கு வர்றதுக்கு வேற வழி தெரியல. அதான் எழுதாம குடுத்தேன். நீங்க சாக்லேட் குடுத்து அனுப்பிட்டீங்க."

திட்டுவது போலச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அவள் ஊர் அனந்தபுரம் பக்கம் ஒரு காலனி. அம்மா செல்வி, அடுத்தவர் நிலத்தில் களை எடுக்க, மல்லாட்டை பறிக்கப் போகிறவர். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. பத்தாம் வகுப்பில் ஒன்றியத்திலேயே முதல் மார்க் வாங்கிய அன்று ஊர் முகப்பில் பேனர் கட்டினார்கள். 'எங்கள் டாக்டரே வருக.' பதினொன்றாம் வகுப்புப் புத்தகம்கூட அப்போது அவள் வாங்கியிருக்கவில்லை.

"ரெண்டு வருஷமா நான் டாக்டரு மிஸ். லீவுல ஊருக்குப் போனா மாத்திரை அட்டைய எடுத்துக்கினு வந்துருவாங்க. இது சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, இது சுகருக்கா பிரஷருக்கா. ஸ்கேன் ரிப்போட்ட குடுத்து படின்றாங்க. தெரியாதுன்னு சொன்னா, பெரிய எடத்துல படிக்கிறா, நமக்கு சொல்ல மாட்றான்றாங்க. ஒரு அத்தைக்கு பாதி மாத்திர போட்டா போதும்னு சொல்லிட்டேன். அப்பறம் பயம் வந்து, அவங்க நல்லா இருக்காங்களான்னு அம்மாவ தெனம் போன்ல கேட்டுக்கினே இருந்தேன்."

திறந்திருந்த பதிவேட்டை மூடினேன். பயிற்சியில் கற்றுக்கொண்டதால் அல்ல. அந்தப் பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

"தூக்கம் வரல மிஸ், மூணு மாசமா. படிச்சா ஒரு வரி நிக்கல. நீட்டுல வரலன்னா பேனர் கட்டுனவங்க மூஞ்சில எப்டி முழிக்கிறது?" கடித்த நகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் இல்லாம போயிட்டா தேவலன்னு தோணிக்கினே இருக்குது. அதான் யார்ட்டயாச்சும் சொல்லிடணும்னு வந்தேன்."

ஒரு வாரம். ஒரு முழு வாரம் இந்தப் பெண் இதை வைத்துக்கொண்டு, நான் கொடுத்த சாக்லேட்டோடு விடுதியில் இருந்திருக்கிறாள். அழுகை வந்தது, அழுதேன். அவள் எழுந்துவந்து என் தோளில் கை வைத்தாள். ஆலோசனை வழங்கியது யார், பெற்றது யார் என்று பதிவேட்டில் எழுதவில்லை.

வெள்ளைப் பேப்பர்

அவளைத் தனியாக விடாமல் முதல்வர் அறைக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கதவைப் பார்த்தார், சாத்தியிருக்கிறதா என்று. "எதுன்னாலும் வெளியில போயி நடக்கட்டும் மேடம். அம்மாவ வரச்சொல்லி டி.சி. குடுத்துரலாம்" என்றார். இத்தனை வருஷம் அவருக்குக் காலை வணக்கம் சொன்ன வாய் இது. கழுவிக்கொள்ளத் தோன்றியது.

மதியத்துக்குள் செல்வி வந்துவிட்டார். வயலிலிருந்து அப்படியே கிளம்பியிருந்தார், கால் விரலிடுக்கில் மண் காயவில்லை. உட்காரச் சொல்லாமலே முதல்வர் மூன்று வெள்ளைத் தாள்களையும் எடுத்து நீட்டினார்.

"பாரும்மா, ஒம்பொண்ணு பண்ண வேலைய. ஒண்ணுமே எழுதல. வேணும்னே பண்ணியிருக்கா."

செல்வி வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"சார், நான் படிக்காதவ. எழுதியிருந்தாலும் எனக்கு தெரியாது" என்றார் மெதுவாக. "எழுதுற புள்ள ஏன் எழுதலன்னு அவள கேட்டீங்களா?"

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். செல்வி தாளை மேஜையில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "இன்னாடி ஆச்சி?" என்றார். பவித்ரா, என்னிடம் சொன்ன கடைசி வாக்கியத்தை அம்மாவிடமும் அப்படியே சொன்னாள். மகளின் கையைப் பிடித்த செல்வி, அறையை விட்டு வெளியே வந்தும் விடவில்லை.

நான் ஒன்றரை நாள் லீவு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் முதல் தடவையாக உண்மையை எழுதினேன். 'மாணவியை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது.' அந்த லீவைத்தான் நிர்வாகம் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுவாரமே ஆலோசகர் பொறுப்பைப் பி.டி. மாஸ்டருக்குக் கொடுத்தார்கள். பட்டியல் படிப்பவரே ஆலோசனையும் வழங்குவது நேர மிச்சம் என்று கரஸ்பாண்டன்ட் பாராட்டியதாகக் கேள்வி.

மாடி பெஞ்சு

மனநல மருத்துவர் காலையில்தான் பார்ப்பார் என்றார்கள். அன்று ராத்திரி அம்மாவும் பெண்ணும் விழுப்புரத்தில் என் வீட்டிலேயே தங்கினார்கள். விடிந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். மனநலப் பிரிவு மாடியில் இருந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு படியேறும்போதே செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்தா, நாளைக்கி இவள யாரு டீச்சர் கட்டுவாங்க" என்றார். மகளை விட மகளின் கல்யாணத்துக்கு அதிகம் பயப்படுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போனதும் கணக்குப் பேப்பர் கேட்கிறவளுக்கு வரக்கூடாத கோபம்.

பயந்தபடியே ஆனது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் சட்டென்று எழுந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பெரிய எக்ஸ்ரே உறை. அவர்கள் தெருக்காரர், பவித்ராவுக்குப் பெரியப்பா முறை. பேனர் கட்டியவர்களில் முதல் ஆள் இவர்தான் என்று பிறகு சொன்னாள்.

"அட, நம்ம டாக்டரம்மா" என்று முகமெல்லாம் மலர்ந்தார். "இங்கியே வேலைக்கி வந்துட்டியா கண்ணு? நல்லதாப் போச்சி. நான் முட்டி வலிக்கி காட்ட வந்தேன். இந்தா, இத கொஞ்சம் பாத்து சொல்லு." உறையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

செல்வி என் பின்னால் ஒதுங்கினார். நான் ஏதாவது பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதில்தான் எனக்கு அனுபவம் உண்டே.

பவித்ரா முந்திக்கொண்டாள்.

"இல்ல பெரியப்பா. நான் டாக்டர் இல்ல. மூணு மாசமா எனக்கு தூக்கம் இல்ல, மனசு சரியில்ல. வைத்தியம் பாத்துக்க வந்திருக்கேன்."

பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் நடுங்கியது, ஆனால் குறையவில்லை. பெரியவர் பாதி பிரித்த உறையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன சொல்லப்போகிறாரோ என்று செல்வி என் கையை இறுக்கிப் பிடித்தார். எக்ஸ்ரேவை மறுபடி உறைக்குள் தள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

"டோக்கன் எத்தினிம்மா?" என்றார்.

"இருவத்தி மூணு பெரியப்பா."

"என்னுது இருவத்தி ரெண்டு."

எலும்புப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. இந்த மாடியில் இருந்தது இந்த ஒரு அறைதான், இந்த ஒரு வரிசைதான். அவர் சட்டைப்பையிலிருந்து டோக்கனை எடுத்து அவளிடம் காட்டினார். பிறகு எக்ஸ்ரே உறையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். பவித்ரா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

செல்வி முகத்திலிருந்து முந்தானையை எடுத்தார்.

"எத்தினி நாளா மாமா?" என்று கேட்டார்.

"தீவாளிலருந்து" என்றார் அவர். "வூட்டுல சொல்லல."